ரத்தத்துக்கு முந்தைய வாரங்கள்

புனேயில் ஒருவருக்குப் புற்றுநோய் அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால் குடும்பத்தின் கைக்கு முதலில் வருவது ஒரு சீட்டு. ‘பி பாசிட்டிவ், பேக்ட் செல், 2 யூனிட்’ என்று அதில் எழுதியிருக்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சு இருக்காது. சோலாப்பூரிலிருந்தோ லாத்தூரிலிருந்தோ நோயாளியோடு வந்து, மருத்துவமனைக்கு எதிரே வாடகை அறையில் தங்கியிருக்கும் மகன் போனை எடுத்து வரிசையாகக் கூப்பிட ஆரம்பிப்பான். மச்சான், சித்தப்பா பையன், கூடப் படித்தவன் என்று யாராவது ஒருவர் ரத்தம் கொடுக்க பஸ் ஏறுவார். ஒருவழியாகக் கிடைத்த பையைத் தெர்மாக்கோல் பெட்டியில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு, பைக்கின் பின்சீட்டில் லக்ஷ்மி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வருகிறவர்களை இந்த நகரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிப்போன காட்சி.

ரத்தம் கொடுப்பதில் இந்த ஊர் கருமி இல்லை. நாட்டிலேயே அதிக ரத்தம் திரட்டும் மாநிலங்களில் மகாராஷ்டிரம் ஒன்று. கணபதி மண்டலங்கள், சிவஜெயந்தி, தலைவர்களின் பிறந்தநாள் என்று எதற்கும் ரத்ததான முகாம் உண்டு. ‘ரக்ததான் ஸ்ரேஷ்டதான்’ என்ற ஃப்ளெக்ஸ் பலகை இல்லாத தெருமுனை அபூர்வம். 1948இல் ராணுவ மருத்துவக் கல்லூரி இங்கே அமைக்கப்பட்டபோது, அதில் இணைக்கப்பட்ட போர்க்காலப் பிரிவுகளில் ரத்தமேற்றும் பிரிவும் ஒன்று. ஆனால் மே மாதம் வந்தால் கல்லூரிகள் மூடி மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ரக்தபேடிகளின் அலமாரிகள் காலியாகும். ரத்த வங்கிக்கு மராட்டியில் அதுதான் பெயர். அந்த மாதத்தில் அறுவைக்கு நாள் விழுந்தவர்களின் பாடு சொல்லி மாளாது.

இந்த ஓட்டத்தில் இருக்கும் அன்பை நான் குறைத்து மதிக்கவில்லை. நோயாளிக்காக நம்மால் கையால் செய்ய முடிந்த ஒரே காரியம் பல நேரங்களில் அதுவாகத்தான் இருக்கிறது. என் ஆதங்கம் வேறு. அறுவைக்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று வாரங்களில் குடும்பத்தின் முழு மூச்சும் ரத்தம் தேடுவதில் போகிறது. நோயாளியின் உடம்பில் ரத்தம் ஏன் குறைந்தது, அதை இப்போதே கூட்ட வழியுண்டா, அறுவை மேசையில் சிந்துவதைக் குறைக்க முடியுமா, எந்த அளவுக்குக் கீழே போனால் ஏற்றுவார்கள் என்ற கேள்விகளைக் கேட்க அங்கே ஆள் இருப்பதில்லை. புற்றுநோய் அறுவையில் ரத்தம் ஏற்றுவது பற்றிய முடிவில் பாதி, கத்தி தோலைத் தொடுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. யாரும் எடுக்காமலே எடுக்கப்படுகிறது என்பதுதான் வருத்தம்.

கட்கி, தேஹு ரோடு பக்கம் ராணுவத் தளவாடக் கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வந்து, தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. புனேயின் தமிழ் வேர் அதைவிடப் பழையது. ராஸ்தா பேட்டில் கே.இ.எம். மருத்துவமனை நிற்கும் சாலைக்கே சர்தார் முதலியார் ரோடு என்றுதான் பெயர். தேஹு ரோட்டில் இருக்கும் அக்கா ஒருவருக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி என்று தெரிந்தபோது, டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல நான் கூடப் போனேன். அவர் மகளுக்கு மராட்டி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பயத்தில் அவளுக்கு எந்த மொழியும் நாக்கில் வரவில்லை.

ஹீமோகுளோபின் 7.4. மகள் அந்தத் தாளைப் பார்த்ததும் சொன்னது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான்: “ரெண்டு பாட்டில் ஏத்திட்டு ஆபரேஷன் பண்ணிடச் சொல்லுங்கண்ணா. அம்மாவுக்குத் தெம்பா இருக்கும்.”

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பெண். தாளை மேசையில் வைத்துவிட்டு அக்காவையே பார்த்து, எவ்வளவு நாளாக மூச்சு வாங்குகிறது என்று கேட்கச் சொன்னார்.

“மாடி ஏறினா வாங்கும். ஒரு வருஷமா இருக்கும். வயசாச்சுல்லன்னு விட்டுட்டேன்” என்றார் அக்கா.

அந்த ஒரு வருஷத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பெருங்குடலின் இடப்பக்கத்தில் கட்டி வந்தால் பாதை அடைபட்டு மலச்சிக்கலாகவோ வலியாகவோ தெரிந்துவிடும். வலப்பக்கம் குழாய் அகலம், உள்ளே இருப்பதும் நீர்த்த கழிவு. அங்கே வளரும் கட்டி சத்தமில்லாமல் சொட்டுச்சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும், கண்ணில் படாது. வெளியே தெரிகிற ஒரே அடையாளம் சோகைதான். ஒரு பெண்ணுக்குச் சோகை என்றால் நம் நாட்டில் யார் திடுக்கிடுகிறார்கள்? 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கும் ஒன்று நோயாகவே தோன்றாமல் போய்விடுகிறது. புற்றுநோய் அந்த மறைவில் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது.

தெம்புக்காக ரத்தம் ஏற்றும் பழக்கத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1942இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸும் லண்டியும் ஹீமோகுளோபின் 10க்குக் குறைந்தால் அறுவைக்கு முன் ரத்தம் ஏற்றுவது நல்லது என்று எழுதினார்கள். அது அவர்களுடைய அனுபவத்திலிருந்து வந்த யோசனை, சோதித்துப் பார்த்து நிறுவியது இல்லை. ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகமெங்கும் மயக்க மருத்துவர்கள் அந்த 10ஐ மந்திரம்போல் பிடித்துக்கொண்டார்கள். 1999இல் கனடா மருத்துவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 838 நோயாளிகளை இரு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு 10க்குக் கீழே போனாலே ஏற்றினார்கள், இன்னோர் அணிக்கு 7க்குக் கீழே போனால்தான் ஏற்றினார்கள். குறைவாக ஏற்றிய அணி எந்த வகையிலும் மோசமாகிவிடவில்லை. அதன் பிறகுதான் கை தயங்கத் தொடங்கியது.

புற்றுநோய் நோயாளிகள் விஷயத்தில் இந்தத் தயக்கம் அதற்கு முன்பே, வேறொரு வாசல் வழியாக வந்திருந்தது. 1973இல் ஓபெல்ஸும் அவருடைய சகாக்களும் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். முன்னரே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பொருத்திய மாற்றுச் சிறுநீரகம் நன்றாக நிலைத்தது. அயலார் ரத்தம் உள்ளே போனதும் உடலின் காவல் கொஞ்சம் தளர்கிறது, அயல் உறுப்பையும் பொறுத்துக்கொள்கிறது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். சிறுநீரகத்துக்கு இது வரம். புற்றுநோய்க்கு? அறுவையின்போது சிதறி ரத்த ஓட்டத்தில் கலக்கும் ஒன்றிரண்டு புற்றணுக்களைத் தேடி அழிக்க வேண்டிய அதே காவல், சரியாக அந்த நேரத்தில் கண்ணயர்ந்தால்? 1981இல் காண்ட் என்பவர் லான்செட் இதழுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கேள்வியை வைத்தார். மறு வருடமே நியூயார்க்கிலிருந்து பர்ரோஸும் டார்ட்டரும், குடல் புற்றுநோய் அறுவையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகமாக இருக்கிறது என்று எழுதினார்கள். பிறகு கட்டுரைகள் குவிந்தன. 2006இல் காக்ரேன் தொகுப்பாய்வு 36 ஆய்வுகளை, 12,127 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, ரத்தம் ஏற்றியவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் திரும்பும் சாத்தியம் கூடுதல் என்றது. ஆனால் ரத்தம்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றும் கையோடு எழுதி வைத்தது.

இந்தப் பின்குறிப்பு பல பேருடைய வாயில் காணாமல் போய்விடுகிறது. ‘ரத்தம் ஏற்றினால் கேன்சர் திரும்ப வரும்’ என்று மருத்துவமனை வராந்தாக்களில் இப்போது பேச்சு உலவுகிறது, வாட்ஸ்அப்பிலும் வருகிறது. அதைக் கேட்டு ரத்தம் வேண்டாம் என்று அடம்பிடித்தவர்களையும் அறிவேன். மழைக்காலத்து புனேயில் குடையோடு போகிறவர்கள்தான் அதிகம் நனைகிறார்கள் என்று கணக்கெடுத்து, குடையைப் பழிப்பது போன்றது அது. ரத்தம் யாருக்கு ஏற்றுகிறார்கள்? கட்டி பெரிதாக வளர்ந்தவருக்கு, அறுவை நீண்டவருக்கு, ரத்தம் நிறையச் சிந்தியவருக்கு, முன்பே சோகையில் சோர்ந்திருந்தவருக்கு. இந்த நான்கில் எதுவும் இல்லாதவருக்கு ரத்தமும் தேவைப்படுவதில்லை, நோயும் திரும்ப வருவது குறைவு.

இந்த முடிச்சை நேராக அவிழ்க்க முயன்றவர்கள் நெதர்லாந்தில் இருந்தார்கள். புஷ்ஷும் அவர் சகாக்களும் 1993இல் வெளியிட்ட அந்த ஆய்வின் வடிவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பெருங்குடல் புற்றுநோயாளிகளைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தேவைப்பட்டால் வழக்கம்போல் பிறர் ரத்தம். மறுபாதியினர் அறுவைக்கு முன்பே தங்கள் ரத்தத்தில் 2 யூனிட் எடுத்துச் சேமித்தார்கள், தேவைப்பட்டால் அதையே திரும்ப ஏற்றினார்கள். அயலார் ரத்தம்தான் குற்றவாளி என்றால் சொந்த ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் தப்பித்திருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. 475 பேரில் நான்காண்டு முடிவில் புற்றுநோயால் இறக்காதவர்கள் பிறர் ரத்த அணியில் 67 சதவீதம், சொந்த ரத்த அணியில் 62. உண்மையான வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி. ஆனால் ரத்தமே தேவைப்படாதவர்களோடு ஒப்பிட்டால் நோய் திரும்பும் அபாயம் பிறர் ரத்தம் பெற்றவர்களுக்கு 2.1 மடங்கு, சொந்த ரத்தம் பெற்றவர்களுக்கு 1.8 மடங்கு. ஒருவரின் சொந்த ரத்தம் அவருடைய காவலை அயலார் ரத்தம்போல் மயக்க வழியில்லை. ஆகவே அவர்களைத் தாழ்த்தியது பையில் இருந்த பொருள் என்பதைவிட, அந்தப் பை தேவைப்பட்ட சூழ்நிலை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு மாறான முடிவு சொன்ன ஆய்வும் மறு வருடமே ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆகவே வழக்கு முடிந்துவிட்டதாக நான் சொல்ல வரவில்லை. சேமித்த ரத்தத்தில் கொடுத்தவரின் வெள்ளணுக்கள் இருக்கின்றன, நாள் ஆக ஆக அவை சிதைந்து விடும் பொருள்கள் சேர்கின்றன, அவை காவல் அணுக்களைத் தடுமாறச் செய்கின்றன என்பதற்குச் சோதனைக்கூடத்தில் ஆதாரம் உண்டு. வெள்ளணுக்களை வடிகட்டிக் கொடுக்கும் முறை பல நாடுகளில் எல்லா ரத்தத்துக்கும் கட்டாயம். நம் நாட்டில் அது கேட்டால், காசு கொடுத்தால் கிடைக்கிற கூடுதல் வசதியாக இருக்கிறது. ‘புதுசா எடுத்த ரத்தம்தான் வேணும்’ என்று குடும்பங்கள் வற்புறுத்துவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2015, 2016இல் வந்த பெரிய ஆய்வுகளில் புது ரத்தம் பெற்றவர்களும் பழைய ரத்தம் பெற்றவர்களும் ஒன்றுபோலவே தேறினார்கள்.

குடும்பங்களின் இன்னொரு வற்புறுத்தலைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். ‘வெளியாள் ரத்தம் வேண்டாம், நான் பிள்ளை இருக்கேன், என் ரத்தத்தை எடுத்துக்கோங்க.’ பாசம் பேசும் வார்த்தை. ஆனால் மருத்துவக் கணக்கில் நெருங்கிய உறவின் ரத்தத்துக்குத் தனி ஆபத்து உண்டு. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள், வாங்குபவரின் அணுக்களோடு ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். அப்படி ஒத்துப்போனால் அவருடைய உடல் அவற்றை அயலாகக் கருதாமல் விட்டுவிடும். உள்ளே தங்கிய அவை பெருகி, வாங்கியவரின் தோலையும் குடலையும் ஈரலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கத் தொடங்கும். மிக அபூர்வம்தான். வந்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை. அறுவை முடிந்து தேறிவந்தவர்கள் திடீரென்று உடம்பெல்லாம் சிவந்து இறந்துபோவதை ஜப்பானியர்கள் நெடுங்காலம் காரணம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறவினரின் புது ரத்தம் ஏற்றும் பழக்கம் அங்கே அப்போது அதிகமாக இருந்தது. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் நம் குடும்பங்களில் இந்த ஒற்றுமைக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். அப்படி உறவின் ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்றால் பையைக் கதிர்வீச்சில் காட்டி வெள்ளணுக்களை முடக்கிய பிறகே ஏற்ற வேண்டும். பிள்ளை கொடுக்கும் ரத்தம் பொதுச் சேமிப்புக்குப் போய், அம்மாவுக்கு யாரோ முகம் தெரியாதவரின் ரத்தம் வருவதுதான் அம்மாவுக்குப் பத்திரம். இதை ரத்த வங்கி வாசலில் ஒரு பலகையாக எழுதி வைத்தால் எவ்வளவோ சண்டை மிச்சமாகும்.

சரி, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் நல்லதா? இந்த இடத்தில் பிரேசில் குறுக்கே வருகிறது. சாவ் பாவ்லோவில் பெரிய புற்றுநோய் அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 198 பேரிடம் நடத்தி, 2015இல் வெளியான ஆய்வு. 7க்குக் கீழே போனால்தான் ஏற்றுவது என்று வைத்த அணியில் 30 நாளுக்குள் இறப்போ கடுமையான சிக்கலோ கண்டவர்கள் 35.6 சதவீதம். 9க்குக் கீழே போனதுமே ஏற்றிய அணியில் 19.6. ஒரே மருத்துவமனையில், சிறிய எண்ணிக்கையில் நடந்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கனடாவின் 7ஐ எடுத்துப் புற்றுநோயாளியின் தலைமேல் அப்படியே வைக்க முடியாது என்று அது எச்சரிக்கிறது. அறுவையின் அதிர்ச்சியும் நோயின் சோர்வும் சேர்ந்த உடம்புக்குப் பிராணவாயு கூடுதலாகத் தேவைப்படலாம். அவருக்கு நெஞ்சுவலி உண்டா, நாடி எப்படி ஓடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதா என்று ஆளைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு அது. தாளைப் பார்த்து எடுக்கிற முடிவாக அதைச் சுருக்குவதுதான் இரு தரப்பிலும் நடக்கும் பிழை.

ஏற்றுவதா வேண்டாமா என்ற இந்த இழுபறியை மேசையிலேயே முழுக்கத் தீர்க்க முடியாது என்பதால்தான் முந்தைய வாரங்களைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகையா என்று ஃபெரிட்டின் பரிசோதனையில் தெரியும். இரும்பு மாத்திரை மெதுவானது, புற்றுநோயாளிக்குப் பல நேரங்களில் சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை. நரம்பு வழியாக இரும்பு ஏற்றினால் சில வாரங்களில் உடம்பு தானே ரத்தம் ஊறவைக்கும். இதையும் மிகைப்படுத்தக் கூடாது. பிரிட்டனில் பெரிய வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 487 பேரிடம் நடத்தி 2020இல் வந்த ஆய்வில், இரும்பு ஏற்றியதால் ரத்தம் ஏற்றும் தேவை குறையவில்லை. அதைப் படித்துவிட்டு இரும்பை ஒதுக்கியவர்களும் உண்டு. ஆனால் அங்கே சோகை என்று சேர்த்துக்கொண்ட வரம்பு ஆண்களுக்கு 13க்குக் கீழ், பெண்களுக்கு 12க்குக் கீழ். சாங்லியிலிருந்தும் பீடிலிருந்தும் 7ஓடு வந்து நிற்கும் பெண்களின் கதையை அந்த ஆய்வு சொல்ல முடியாது. அதே ஆய்வில்கூட இரும்பு பெற்றவர்கள் வீடு போன பிறகு சிக்கலோடு மருத்துவமனைக்குத் திரும்பியது குறைவு. கட்டியை எடுத்த பிறகு தேறுகிற நாள்களும் நோயாளியின் நாள்கள்தானே.

ரத்தம் ஊறுவதற்கென்றே இருக்கும் எரித்ரோபாய்டின் ஊசியின் கதை வேறு. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 351 பேரிடம் அதைச் சோதித்து, ஹென்கெயும் சகாக்களும் 2003இல் வெளியிட்டார்கள். ஹீமோகுளோபின் அழகாக ஏறியது, ஆனால் ஊசி பெற்றவர்களுக்கு நோய் கட்டுப்பட்டது குறைவாக இருந்தது. மிஸ்ரி என்ற புகையிலைப் பொடியும் குட்காவும் வாய்ப் புற்றுநோயை வீடுதோறும் கொண்டுவந்திருக்கும் இந்த மாநிலத்தில் அதை மறக்கலாகாது. எண் ஏறுவதே நலம் என்று நினைக்க முடியாது.

சிந்துவதைக் குறைக்கும் வழிகளில் ஒன்று விலை மலிவானது. டிரானெக்சாமிக் அமிலம், மாதவிடாய்ப் பெருக்குக்கு நம் வீட்டுப் பெண்கள் விழுங்கும் அதே மாத்திரையின் மருந்து. ஜப்பானிய மருத்துவர் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் கண்டுபிடித்து 1962இல் வெளியிட்டது. பிரசவத்தில் ரத்தம் கொட்டி இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அந்த அம்மாவின் நோக்கம். 2022இல் வந்த ஆய்வில், இதய அறுவை அல்லாத பிற அறுவைகளில் 9,535 பேரிடம் சோதித்தபோது, அபாயமான ரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. புற்றுநோயாளிக்கு ரத்தம் உறையும் போக்கு இயல்பிலேயே அதிகம் என்பதால் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும், ஆனால் யோசிக்கவாவது வேண்டும். வயிற்றில் சிந்தும் ரத்தத்தையே உறிஞ்சி, கழுவி, வடிகட்டித் திரும்ப ஏற்றும் எந்திரமும் உண்டு. புற்றணுக்களையும் சேர்த்து ஏற்றிவிடுவோமோ என்ற அச்சத்தில் பலர் அதைத் தொடுவதில்லை. பிராஸ்டேட், சிறுநீர்ப்பை அறுவைகளுக்கு பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008இலேயே அதை அனுமதித்துவிட்டது. இந்த வழிகள் மிக அவசியமான சிலரும் இங்கே இருக்கிறார்கள். 1952இல் பம்பாயில் பெந்தேயும் சகாக்களும் கண்டறிந்த, அந்த ஊர்ப் பெயராலேயே அறியப்படும் அபூர்வ ரத்தப் பிரிவு இந்த மேற்குக் கரையோரம்தான் அதிகம். அந்தப் பிரிவுக்காரருக்கு ஓ பிரிவு ரத்தம்கூடச் சேராது. தன் பிரிவுக்காரரிடமோ தன்னிடமோதான் வாங்க வேண்டும். அவர்களுக்கு இந்த வழிகள் எல்லாம் உயிர்வழிகள்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். குடல் அடைபடவில்லை, கட்டி சில வாரம் பொறுக்கும் என்று அறுவை மருத்துவர் சொன்னதால் இரண்டு முறை நரம்பில் இரும்பு ஏற்றினார்கள். மூன்று வாரத்தில் 7.4 என்பது 9.5 ஆனது. மாடி ஏறி வந்து ‘மூச்சு வாங்கல’ என்றார், ஆச்சரியத்தோடு. அறுவையன்று ரத்தம் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் 6.8க்கு இறங்கியது, நாடி 120, உட்கார வைத்தால் கண் இருட்டியது. டாக்டர் தயங்கவில்லை, ஏற்றுங்கள் என்றார். ஆனால் ஒரு யூனிட், அது முடிந்ததும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

குளிரிலிருந்து வந்த பை கருஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று கனத்திருந்தது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை இரண்டு வகை, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து பரிசோதனையும் முடிந்ததாக ஒட்டுச்சீட்டில் முத்திரை, எடுத்த தேதி, காலாவதித் தேதி. இரண்டு நர்ஸுகள் சீட்டையும் கையிலிருந்த பட்டையையும் மாற்றி மாற்றி உரக்கப் படித்துச் சரிபார்த்தார்கள். முதல் கால் மணி நேரம் ஒருவர் கட்டிலை விட்டு நகரவில்லை. முதுகு வலிக்கிறதா, குளிருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்கு மணி நேரத்துக்குள் பை காலியாக வேண்டும். சாயங்காலம் நாடி 96. ஒதுக்கி வைத்த இரண்டாவது யூனிட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அது மே மாதம்.

இதில் அக்கா எதிர்த்து நின்றதும் இல்லை, ஆதரித்துப் பேசியதும் இல்லை. ஏனென்றால் அவரை யாரும் கேட்கவில்லை. ரத்தம் ஏற்றச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது மகள். ஆங்கிலத்திலும் மராட்டியிலும் அச்சடித்த ஒரு பக்கம். முழு நினைவோடு கட்டிலில் படுத்திருந்தவரின் பெயர் அதில் நோயாளி என்ற இடத்தில் மட்டும் இருந்தது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: சம்மதம் நோயாளியுடையது, சிகிச்சை என்ன, பயன் என்ன, ஆபத்து என்ன, மாற்றுவழி என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு விளங்கச் சொல்லியிருக்க வேண்டும். நாம் கையெழுத்திடும் படிவங்களில் ஆபத்துகள் வரிசையாக இருக்கின்றன. மாற்றுவழி என்ற சொல்லுக்குக் கீழே ஒன்றுமே இருப்பதில்லை.

ஏற்றும் நாளில் மாற்றுவழி சொல்லச் சொன்னால் டாக்டராலும் சொல்ல முடியாது, நாள் கடந்திருக்கும். அதனால் அந்தப் படிவம் அறுவை வார்டில் நீட்டப்படக் கூடாது. நோய் உறுதியான அன்று, புறநோயாளிப் பிரிவில், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் கொடுக்கப்பட வேண்டும். அதில் இன்னும் மூன்று வரி அச்சிட்டால் போதும்: இன்றைய ஹீமோகுளோபின் எவ்வளவு, அது குறைந்ததற்குக் காரணம் என்ன, அறுவை நாளுக்குள் அதைக் கூட்ட என்ன செய்யப் போகிறோம். மூன்றாவது வரிக்கு எதிரே டாக்டரின் கையெழுத்துக்கு ஓர் இடம். அந்த இடம் காலியாக இருக்கும் வரை, ரத்தம் தேடி ஓடும் பிள்ளைகளிடம் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்புவது நியாயமில்லை.